பாலிக்கு ஆட்களை அழைத்து வரும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, மதுரை, கோவையிலிருந்தும் சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்தும் தமிழ்க் குடும்பங்களைக் குழு குழுவாக இந்தோனேசியாவுக்கு அழைத்து வரும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். நான் நாகப்பட்டினம் பக்கத்துப் பெண். ஒன்பது வருடமாகப் பாலித் தீவில், கியான்யார் மாவட்டத்தில், ஒரு குடும்பத்தின் வீட்டு வளாகத்துக்குள் ஓர் அறை எடுத்துக் குடியிருக்கிறேன். உங்களில் சிலருக்கு மொழிபெயர்க்க வந்திருக்கிறேன். ஐம்பது பேரை விமானமேற்றி, வேளாவேளைக்குச் சோறு போட்டு, ஒருவரும் தொலைந்துபோகாமல் ஊர் திருப்புவது எவ்வளவு பாடு என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அதனால் இதைக் கோபத்தில் எழுதவில்லை. வருத்தத்தில் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு காலை, எங்கள் தெருமுனையில் ஒரு பேருந்து வந்து நின்றது. தமிழ்க்குரல் கேட்டு ஆசையாக வாசலுக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா அப்போதுதான் வாசற்படியில் சனாங் சாரி என்னும் ஓலைத்தட்டுப் படையலை வைத்து, ஊதுபத்தி ஏற்றிவிட்டு உள்ளே திரும்பியிருந்தார். அவரை நான் இபு என்றுதான் கூப்பிடுவேன். இங்கே அம்மா வயதுப் பெண்களை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இறங்கியவர்களில் ஒரு பெண் குனிந்து, அந்தச் சின்ன ஓலைத் தட்டிலிருந்த மஞ்சள் பூவை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டார். அவர் மேல் எனக்குக் குறையில்லை. பூவைக் கண்டால் கூந்தலுக்குப் போகும் கை நம்முடைய கை. என்னை வருத்தியது அடுத்து நடந்தது. கூட வந்த பெரியவர் ஒருவர், "இது என்னப்பா?" என்று கேட்டார். குழுவை நடத்தி வந்தவர், "சும்மா டெகரேஷன் சார். எல்லா வாசல்லயும் வைப்பாங்க" என்றார். பேருந்து கிளம்பிப் போனது. இபு உள்ளே போய் இன்னொரு சனாங் எடுத்து வந்து, அதே இடத்தில் வைத்து, மறுபடி ஊதுபத்தி ஏற்றினார். நான் மன்னிப்புக் கேட்டேன். "தீடாக் அபா-அபா" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம்.

பரவாயில்லை என்று அவர் சொல்லலாம். நாம் சொல்லக் கூடாது.

இபுவுக்கு அறுபத்து மூன்று வயது. விடியுமுன் எழுந்து சோறு ஆக்குவார். வெந்ததும், வீட்டில் ஒருவரும் ஒரு வாய் எடுப்பதற்கு முன்னால், வாழையிலையைச் சின்னச் சதுரங்களாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகைச் சோறும் உப்பும் வைத்து, அடுப்புக்கு ஒன்று, அரிசி வைக்கும் இடத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று, வீட்டுக் கோயிலின் மாடங்களுக்கு என்று வைத்துக்கொண்டே போவார். இதற்கு ஙெஜோட் என்று பெயர். காக்கைக்கு வைத்துவிட்டுச் சாப்பிட்ட வீடுகளில் வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சனாங் சாரி அதற்கடுத்த வேலை. அதற்கான ஓலை முந்தின நாள் மாலையே தயாராகிவிடும். நாம் தோரணம் கட்டக் கிழிக்கும் அதே தென்னங்குருத்துதான். இங்கே ஜனூர் என்பார்கள். தீவின் தேவைக்கு இங்குள்ள தென்னை போதாமல், கடல் தாண்டி ஜாவாவின் பன்யூவாங்கிப் பக்கத்திலிருந்தும் லாரி லாரியாக வருகிறது. இபு திண்ணையில் சம்மணமிட்டு, ஓலையை மடியில் போட்டு, சின்னக் கத்தியால் அளவாக நறுக்கி, உள்ளங்கை அகலத் தட்டாக மடிப்பார். மடித்த முனைகளைச் சேர்க்க ஒரு மூங்கில் குச்சி, செமாட் என்று பெயர். நம் ஈர்க்கைவிட மெல்லியது. குத்தி, இழுத்து, மிச்சத்தை ஒடித்துவிடுவார். அந்த 'டிக்' சத்தம் மாலை முழுக்க எங்கள் வளாகத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும். மருமகள் ஸ்டேப்ளர் அடிப்பார்; அவருக்கு நேரமில்லை. இபு அதைக் குறை சொல்வதில்லை. ஆனால் வீட்டுக் கோயிலுக்குப் போகும் தட்டுகளை மட்டும் தானே செமாட் குத்தி எடுத்து வைத்துக்கொள்வார்.

தட்டு தயாரானால் சனாங் ஆகிவிடாது. அடியில் போரோசான் இருக்க வேண்டும்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. அந்த மூன்றும் மும்மூர்த்திகள் என்பார்கள். அதன்மேல் பூக்கள், திசை பார்த்து. கிழக்கே வெள்ளை, ஈஸ்வரனுக்கு. தெற்கே சிவப்பு, பிரம்மாவுக்கு. மேற்கே மஞ்சள், மகாதேவனுக்கு. வடக்கே நீலமோ பச்சையோ, விஷ்ணுவுக்கு. மேலே பொடியாக அரிந்த தாழையிலை. வைக்கும்போது ஊதுபத்தி, ஒரு பூவால் தொட்டுத் தெளிக்கும் தீர்த்தம், அந்தப் புகையைத் தெய்வத்தின் பக்கம் மெல்ல அனுப்பும் உள்ளங்கை. அந்தப் பெண் எடுத்துக்கொண்டது மேற்குத் திசைப் பூ.

எங்கள் வளாகத்தில் சாதாரண நாளில் இருபது சனாங்குக்குக் குறையாது. பௌர்ணமி, அமாவாசை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் கஜெங் கிளிவோன் என்றால் எண்ணிக்கை ஏறும், வகையும் மாறும். 210 நாளில் சுழலும் பாலி நாட்காட்டி ஒன்று, நிலாக் கணக்கு ஒன்று, இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் எந்த நாளுக்கு எது என்று தெரியும். நாட்காட்டி சுவரில் தொங்குகிறது. இபு அதைப் பார்த்து நான் கண்டதில்லை. எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது; அவர் மாமியார் தலையிலிருந்து வந்தது.

இனி ஊர்க் கோயிலுக்கு வாருங்கள். உங்கள் பயணிகள் ஆசையாகப் படமெடுப்பார்களே, பழமும் பலகாரமும் கோபுரமாக அடுக்கித் தலையில் சுமந்து வரிசையாகப் போகும் பெண்கள்? அந்த அடுக்குக்கு கெபோகான் என்று பெயர். நீங்கள் பார்ப்பது கடைசி அரைமணி நேரம். அதற்குப் பல நாள் முன்பே வீட்டுக்கு ஒரு பெண்ணாவது கோயில் மண்டபத்துக்குப் போய் உட்கார வேண்டும். கூலி கிடையாது. இதற்கு ஙாயாஹ் என்று பெயர். கோயிலுக்கும் ஊருக்கும் கொடுக்கும் உழைப்பு. நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். நாற்பது பெண்கள் வரிசையாக, நடுவில் ஓலை மலை, காப்பி, வெற்றிலை. எந்தப் படையலுக்கு எத்தனை, எது எதன்மேல் என்று சொல்ல ஒரு மூத்த பெண் இருப்பார். படையல் சாத்திரம் தெரிந்தவர், செராத்தி என்பார்கள். அவர் ஓலையை எடுத்து ஒரு முறை மடித்துக் காட்டுவார். அவ்வளவுதான் பாடம். புத்தகம் இல்லை.

அந்த மண்டபத்தில் ஓலை மட்டும் மடிக்கப்படுவதில்லை. யார் வீட்டில் கடன், எந்தப் பெண்ணுக்குப் பிரசவம் நெருங்குகிறது, எந்தக் கிழவர் நாலு நாளாக வெளியே வரவில்லை, எல்லாம் அங்கே பேசி, பேச்சோடு பேச்சாக ஒரு ஏற்பாடும் முடிந்துவிடும். போன வருடம் எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்தபோது ஆறு நாள் வெவ்வேறு வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. முறை போட்டது யார் என்று கேட்டேன். "மண்டபத்தில் பேசினோம்" என்றார்கள். மாதத்துக்கு ஒருநாள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை எடைபோடும் போஸ்யாண்டு என்னும் ஊர்ச் சுகாதார முகாமை நடத்துவதும் இதே பெண்கள்தான். பாலியில் மட்டுமல்ல, இந்தோனேசியா முழுக்க 1980களிலிருந்து அந்த வேலை தன்னார்வப் பெண்களின் கையில்தான் ஓடுகிறது.

ஆண்கள் சும்மா இருக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. கலுங்கான் திருநாளுக்குத் தெரு முழுக்க வளைந்து நிற்கும் பென்ஜோர் என்னும் அலங்கார மூங்கில் கம்பங்கள் அவர்கள் வேலை. விழாவுக்கு லாவார் என்னும் இறைச்சி-காய்கறிக் கலவையை அரிந்து கலப்பதும் அவர்கள்தான். ஆனால் தினமும், ஒரு நாள் விடாமல் என்று வரும் வேலை பெண்களுடையது. பஞ்ஜார் என்னும் ஊர்க்கூட்டத்தில் வீட்டின் சார்பாக உட்கார்ந்து முடிவெடுப்பதோ பெரும்பாலும் ஆண். வழக்கப்படி சொத்தும் மகன் வழியில்தான் போனது. வழக்கக் கிராமங்களின் பேரவை கூடி மகள்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று முடிவு செய்தது 2010இல்தான். அதுவும் ஆணின் பங்கில் பாதி. பிறந்த வீட்டுத் தெய்வத்துக்குத் தட்டு மடித்துப் பழகிய பெண், கல்யாணமானதும் புகுந்த வீட்டு முன்னோர்களுக்கு மடிக்கிறாள். இதை எழுதும்போது என் கை கொஞ்சம் நடுங்குகிறது, ஏனென்றால் இது எனக்குத் தெரிந்த கதை.

மருமகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறார். உங்கள் பயணிகளுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கும் பெண் அவராகவே இருக்கலாம். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, சேலெண்டாங் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவார். விழாவுக்கு விடுப்புக் கேட்டால் முகம் சுளிக்கும் முதலாளிகள் உண்டு. அதே விடுதியின் விளம்பரத் தாளில் அட்டைப்படம், தலையில் கெபோகான் சுமந்த பெண்.

சனாங் பயணிகளுக்காக வைக்கப்படுகிறது என்று உங்களில் யாராவது நினைத்தால், 2020ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் ஏப்ரலில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு மூடிய தீவு 2021 அக்டோபரில்தான் திறந்தது. எங்கள் தெருவில் ஒரு பேருந்து இல்லை. மருமகளுக்கு வேலை போனது. மாமியாரும் மருமகளும் வாசலில் சோறு கட்டி விற்றார்கள். சனாங் ஒரு நாளும் நிற்கவில்லை. பூ குறைந்தது, தட்டு கொஞ்சம் சிறுத்தது. பார்க்க ஒரு கண் இல்லாத தெருவில் காலை ஆறு மணிக்கு வாசலுக்கு வாசல் ஊதுபத்திப் புகை எழுந்ததை நான் பார்த்தேன்.

உங்களில் பலர் பாலியோடு நிற்காமல் ஜாவாவிலுள்ள யோக்யகர்த்தாவுக்கும் போகிறீர்கள், போரோபுதூர், பிரம்பனான் கோயில்களைப் பார்க்க. அங்கே கடைசி நாளில் ஒரு பெரிய துணிக்கடை வாசலில் பேருந்து நிற்கும். எனக்கு அந்த நிறுத்தம் பற்றியும் சொல்ல இருக்கிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் சிங்கப்பூர் போய் வரும் மாமாக்கள் பாத்திக் கைலி கொண்டுவருவார்கள். துவைக்கத் துவைக்க மெருகேறும் துணி. அதற்கும் சில நூற்றாண்டு முன்னால் நம் சோழமண்டலக் கரையிலிருந்து துணி கப்பலேறி ஜாவாவுக்குப் போனது. துணியைத் தொட்டுப் பார்த்து மதிப்புச் சொல்லும் கை நமக்கு உண்டு. பாத்திக் என்பது மெழுகால் கோலம் எழுதிச் சாயம் தோய்க்கும் துணி. துணி தெரிந்த நம்மவர்களிடம், இயந்திரத்தில் அச்சடித்த துணியைப் பாத்திக் என்று விற்பதற்கு நாமே வழிகாட்டுகிறோம்.

யோக்யகர்த்தாவுக்குத் தெற்கே, இமோகிரியில், மாதராம் அரசர்களின் சமாதிகள் இருக்கும் குன்றுக்குக் கீழே கிரிலோயோ என்றொரு ஊர். அங்கே பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் துணியில் மெழுகு எழுதுகிறார்கள். முக்காலியைவிடத் தணிந்த மணையில் உட்கார்ந்து, பக்கத்தில் சின்னச் சட்டியில் மெழுகு உருக, சாந்திங் என்னும் செம்புமூக்குப் பேனாவால் மொண்டு, மூக்கை மெல்ல ஊதிவிட்டு, தொங்கும் துணியின் பின்னால் இடது உள்ளங்கையைக் கொடுத்து எழுதுவார்கள். முதலில் கோடு, பிறகு கோட்டுக்குள் புள்ளி. சூடான ஒரு சொட்டு தவறி விழுந்தால் அதை எடுப்பது பெரும்பாடு. ஒரு நல்ல துணிக்கு மாதக்கணக்கு ஆகும். நெடுங்காலம் இந்தப் பெண்கள் மெழுகெழுதிய துணியை நகரத்து முதலாளிகளுக்குக் கொடுத்துக் கூலி மட்டும் வாங்கினார்கள். சாயமும் விற்பனையும் லாபமும் நகரத்தில். 2006 மே 27 பூகம்பத்தில் அந்த வட்டாரமே தரைமட்டமானது. இடிபாட்டிலிருந்து எழுந்தபோது, வெளியிலிருந்து வந்த உதவியோடு சாயம் தோய்க்கவும் கற்றுக்கொண்டு, குழுக்களாகச் சேர்ந்து, தங்கள் பெயரிலேயே விற்கத் தொடங்கினார்கள். 2009 அக்டோபர் 2ஆம் தேதி யுனெஸ்கோ இந்தோனேசிய பாத்திக்கைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த நாள் இங்கே தேசிய பாத்திக் தினம். மணையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் நேரே போய்த் துணி வாங்க, உங்கள் பேருந்துக்கு நகரத்திலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது.

துணியின் இரண்டு பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கையால் எழுதியதில் கோலம் பின்பக்கமும் ஏறக்குறைய அதே அழுத்தத்தில் இருக்கும். ஒரு பூவைப் போல இன்னொரு பூ இருக்காது. அச்சில் பின்பக்கம் வெளுத்திருக்கும். இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிடம் போதும். கடைக்காரர் தரும் கமிஷன் போகும், தெரியும். பயணச் செலவிலேயே அதைச் சேர்த்துக் கேளுங்கள். எதற்கு என்று சொல்லிக் கேட்டால் நம் மக்கள் கொடுப்பார்கள்.

முதுகில் கூடை, கூடையில் பாட்டில்கள் என்று காலையில் தெருவில் ஜாமு என்னும் மூலிகைப் பானம் விற்று வரும் பெண்களையும் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் புளியும் ஒரு பாட்டில், அரிசியும் கச்சோலமும் ஒரு பாட்டில். யார் வயிற்றுக்கு எது என்று முகம் பார்த்தே ஊற்றிக் கொடுப்பார்கள். 2023இல் ஜாமுவும் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போனது. அந்தப் பெண்ணிடம் ஒரு கோப்பைக்கு விலை பேசாதீர்கள். பேசுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களிடம் வீடும் நிலமும் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. ஜாவாவில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் தெருப்பெண்கள் நாள்கணக்கில் வந்து சமைத்துக் கொடுக்கும் ரெவாங் இருக்கிறது. எல்லாவற்றையும் இந்த மடலில் அடைக்க முடியாது. என் கண்ணெதிரே இருப்பதை மட்டும் கேட்கிறேன்.

2024 பிப்ரவரியிலிருந்து பாலிக்கு வரும் ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணியும் 150,000 ரூபியா கட்டணம் கட்ட வேண்டும். தீவின் பண்பாட்டையும் இயற்கையையும் காக்க என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள். நீங்களும் அதைப் பயணச் செலவில் சேர்த்து வாங்கிவிடுகிறீர்கள். அந்தப் பண்பாடு யார் கையில் இருக்கிறது என்று விமான நிலையத்திலிருந்து விடுதிக்குப் போகும் பேருந்திலேயே சொல்லிவிடுங்கள். ஊதுபத்தி எரிந்துகொண்டிருக்கும் சனாங்கை மிதிக்காமல், தாண்டாமல், தொடாமல் ஒதுங்கிப் போகச் சொல்லுங்கள். எரிந்து அணைந்த பிறகு தெருநாய் வந்து அதிலிருக்கும் சோற்றைத் தின்றால் இங்கே யாரும் விரட்டுவதில்லை. சேர வேண்டியது சேர்ந்தாயிற்று. அதுவரைக்கும்தான் கவனம்.

கோயில் வாசலில் ஒலிபெருக்கியில், "வீட்டுக்கு விலக்கான பெண்கள் வெளியே நில்லுங்கள்" என்று அறிவிப்பதை நிறுத்துங்கள். விதி இருக்கிறது, இங்குள்ள பெண்களுக்கும் அதே விதிதான், அந்த நாட்களில் இபுவின் வீட்டிலும் இன்னொரு பெண் வேலையை ஏற்றுக்கொள்கிறார். ஆனால் அதை முந்தின இரவே, ஒரு பெண் வழியாக, பெண்களிடம் மட்டும் சொல்லலாம். அதற்காகவாவது குழுவுக்கு ஒரு பாலிப் பெண்ணை வழிகாட்டியாக வையுங்கள். ஒன்பது வருடத்தில் தமிழ்க் குழுவோடு பெண் வழிகாட்டியை நான் பார்த்தது இரண்டே முறை.

இன்னொன்று. "பத்து நிமிஷத்துக்கு ஒரு பூஜை செய்து காட்டச் சொல்லுங்க, வீடியோ எடுக்கணும்" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். கேட்காதீர்கள். விழா அதன் நாளில் வரும். உங்கள் தேதியில் வந்தால், இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு ஓரமாக நின்று பாருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். வராவிட்டால் காலைச் சந்தைக்குப் போங்கள், விடியுமுன். கூடை கூடையாகப் பூ விற்பதும் பெண்கள், வாங்குவதும் பெண்கள். தானே மடிக்க நேரமில்லாத மருமகள் வாங்கிப் போகும் சனாங் கட்டு, மடிக்க மட்டுமே தெரிந்த இன்னொரு பெண்ணின் வீட்டில் அடுப்பெரிக்கும் காசு.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன் இபுவிடம் கேட்டேன். காலையில் ஒரு சின்னக் குழு வந்து கூட உட்கார்ந்து தட்டு மடிக்கக் கற்றுக்கொள்ளலாமா என்று. கொஞ்ச நேரம் ஓலையை நறுக்கிக்கொண்டே இருந்தார். எட்டுப் பேர் வரலாம், திண்ணையில் அதற்குமேல் இடமில்லை என்றார். செவ்வாய், வெள்ளி வேண்டாம். மருமகளுக்குக் காலை ஷிப்ட். சொல்லிக் கொடுப்பதற்கு அவர் பணம் எதுவும் கேட்கவில்லை. நான்தான் கேட்கிறேன்: ஒருவருக்கு இவ்வளவு என்று பேசி, அதை அவர் கையிலேயே கொடுங்கள், என் கையில் வேண்டாம். அந்தப் பூவை எடுத்துக்கொண்டு போன அக்கா மறுபடி வந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். செமாட் குச்சியை இபு சீவி வைத்துவிடுவாராம். பூ நீங்கள் வாங்கி வாருங்கள், நாலு நிறத்திலும்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி,
கியான்யார், பாலி